பந்தயக்காரரின் ஹெல்மெட்டும் நம் பிள்ளைகளின் தலையும்

 

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியாவில் பந்தயம் பார்த்துவிட்டு வரும் நம் பையன்கள், அடுத்த நாளே தோட்டத்து வீதியில் பைக்கை முறுக்குகிறார்கள். திட்டிப் பயனில்லை. சரித்திரம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் அந்தப் பந்தயத்தின் கதையையே சொல்கிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசியுங்கள்.

நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் ஆரம்பமானது. தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் வீதியில், ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறுவார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி. வீதி மூடப்பட்டிருக்கும், எதிரே கொழுந்து லொறி வராது, வளைவில் பாடசாலைப் பிள்ளைகள் நடந்து வரமாட்டார்கள். நம் பையன்கள் அங்கிருந்து வேகத்தை மட்டும் கொண்டுவருகிறார்கள். மூடிய வீதியை யாரும் கொண்டுவர முடியாது.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் துரைமாரின் வாகனம். சின்னத்துரையின் பைக் சத்தம் தூரத்தில் கேட்டாலே மலையில் பேச்சு அடங்கிவிடும். இன்று லீசிங்கில் எடுத்த பைக் லயத்து வாசலிலேயே நிற்கிறது. நல்ல முன்னேற்றம்தான். அவசரத்துக்கு வைத்தியசாலைக்குப் போகவும், டவுனில் வேலைக்குப் போகவும் அதுதான் உதவுகிறது. ஆனால் பைக் வந்த வேகத்தில் அதை ஓட்டும் பழக்கம் வந்து சேரவில்லை.

இனி ஹெல்மெட்டின் கதை. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் எரிக் கார்ட்னர் என்றொரு வைத்தியர் இருந்தார். தலையில் அடிபட்டு வரும் ஓட்டுநர்களைப் பார்த்துப் பார்த்து, கித்தான் துணியில் அரக்குப் பூசி ஒரு தலைக்கவசம் செய்வித்தார். 1914இல் மேன் தீவுப் பந்தயத்தில் அது கட்டாயமானது. பந்தயக்காரர்களின் தலை அன்றே காப்பாற்றப்பட்டது. சாதாரண வீதியில் ஓட்டுபவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

1935 மே மாதம், "அரேபியாவின் லோரன்ஸ்" என்று அறியப்பட்டவர், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று மோட்டார் சைக்கிளிலிருந்து வீசப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாளில் இறந்தார், வயது 46. அவருக்குச் சிகிச்சையளித்தவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை வைத்தியர், பிறகு மோட்டார் சைக்கிள் மரணங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அந்த வருடமே பிரித்தானிய இராணுவம் தன் ஓட்டுநர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்தச் சட்டம் வந்தது 1973இல்தான். பந்தயத் திடலிலிருந்து வீதிக்கு வர 59 வருடம்! இன்று நம் நாட்டுச் சட்டப்படி ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும். அதைக் கண்ணாடியில் கொழுவிக்கொண்டு போகிறோம், பொலிஸைக் கண்டால் மட்டும் தலைக்கு ஏற்றுகிறோம்.

சேற்றிலும் மேட்டிலும் பாயும் மோட்டோகுரோஸ் 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த ஓட்டத்திலிருந்து வளர்ந்தது. நமக்குப் பக்கத்தில் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில்லில் அதே வகைப் பந்தயம் நடக்கிறது. 2024 ஏப்ரல் 21இல் அங்கே ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி 8 வயதுச் சிறுமி. ஏற்பாடும் ஆட்களும் உள்ள இடத்திலேயே இப்படியென்றால், எதுவுமே இல்லாத நம் தோட்டத்து வீதியை நினைத்துப் பாருங்கள்.

ஆசை இருக்கும் பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. முறையாகப் பழக்குங்கள்.

18 வயதும் சாரதி அனுமதிப்பத்திரமும் முதலில். பழகுவது சிறிய பைக்கில், ஆளில்லாத மட்டமான இடத்தில். வேகம் கூட்டுவதற்கு முன் நிறுத்தப் பழக வேண்டும், முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்து.

ஹெல்மெட் முகத்தை மூடும் வகையாக, தலைக்கு இறுக்கமாக இருக்கட்டும். நாடிப் பட்டியைப் பூட்டாவிட்டால் விழும்போது அது தனியே பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

பெற்றோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது நம் ஊர்ப் பழக்கம். விடவே கூடாது. சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். பனிமூட்டத்தில் லைட்டைப் போட்டு, வளைவில் ஹோர்ன் அடித்து, மெதுவாக.

மண் பாதையில் பழக வேண்டுமா? சப்பாத்து, கையுறை, முழங்கால் கவசம் வேண்டும். தெரிந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். தனியாக வேண்டாம்.

பந்தயம் பார்க்கப் போனால், வளைவின் வெளிப்பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். வழுக்கிய வண்டி வருவது அந்தப் பக்கம்தான்.

தவக்குல் வைப்பதற்கு முன் பிரேக்கைப் பார்ப்பதும் பட்டியைப் பூட்டுவதும் நம் பொறுப்பு. மகனுக்குப் பைக் எடுத்துக் கொடுக்கும் வாப்பாமாரே, அப்பாமாரே, முதல் தவணைக் காசைக் கட்டும் அன்றே நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். ஒன்று அவனுக்கு, ஒன்று பின்னால் ஏறும் தங்கைக்கு.