எட்டுக் கப்பல்களும் ஐந்து ஷில்லிங்கும்

அரசு வரவு செலவுத் திட்டத்தை வெளியிட்டதும் அதனை நமக்கு விளக்கிச் சொல்ல ஏடுகள் முற்படுகின்றன. ஒரு செலவுக்கு ‘முதலீடு’ என்றும், மற்றொன்றுக்கு ‘இலவசம்’ என்றும் அவை பெயர் சூட்டும்போது பாதித் தீர்ப்பு அப்பெயரிலேயே அடங்கிவிடுகிறது. இப்பழக்கம் எத்துணைப் பழமையானது என்பதை அறிய, 1909-ஆம் ஆண்டின் இங்கிலாந்தைச் சற்றே நோக்குவோம்.

அவ்வாண்டு சனவரி முதல் நாள், எழுபது வயது நிறைந்த ஏழை முதியோர்க்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரையிலான உதவித்தொகை அஞ்சலகங்களில் வழங்கப்படலாயிற்று. மார்ச் மாதத்தில் மற்றொரு செலவும் வந்து சேர்ந்தது. செருமனி தன் கடற்படையைப் பெருக்குகிறது என்ற அச்சம் பரவியிருந்த காலம் அது. ‘டிரெட்நாட்’ வகைப் போர்க்கப்பல்கள் நான்கா, ஆறா என்று அமைச்சரவை வாதிட்டுக்கொண்டிருக்க, எட்டு வேண்டும் என்ற முழக்கம் வெளியே எழுந்தது. கன்சர்வேட்டிவ் சார்பு ஏடுகள் அதனை ஊரெங்கும் ஒலிக்கச் செய்தன. கார்வின் ஆசிரியராயிருந்த ‘அப்சர்வர்’ என்னும் ஞாயிறு ஏடு அவற்றுள் முன்னின்றது. அன்று அதன் உரிமையாளர் நார்த்கிளிஃப் பிரபு. ‘டெய்லி மெயி’லும் ‘டைம்’சும் அவர் கையிலேயே இருந்தன.

ஏப்ரல் 29 அன்று நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கணக்கை விரித்தார். கப்பலுக்கும் முதியோர்க்குமாகத் துண்டு விழுந்த தொகை ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் பவுன். வருமான வரி உயர்ந்தது. 5,000 பவுனுக்கு மேல் வருமானமுடையோர்க்கு மிகைவரி வந்தது. உரிமையாளரின் உழைப்பின்றி ஏறிய நில மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு வரியாகக் கேட்கப்பட்டது. கப்பல் கேட்டபோது நாட்டுக் கடமையாக இருந்த செலவு, பணம் கேட்டவுடன் சொத்தின் மீது தொடுத்த போராயிற்று! பிரபுக்கள் அவை இத்திட்டத்தைத் தள்ளவேண்டும் என்றே கார்வின் எழுதினார். முழு ஆடம்பரத்தோடு ஒரு கோமகனைப் பேண ஆகும் செலவு இரண்டு டிரெட்நாட்டுகளுக்கு ஈடு என்று நியூகாசிலில் லாயிட் ஜார்ஜ் எள்ளி நகையாடினார்.

மறுபுறத்தாரும் தராசை நேராகப் பிடித்தவர் என நாம் கூறவில்லை. லிபரல் கட்சியை ஆதரித்த ‘டெய்லி நியூஸ்’ சாக்லெட் வணிகரான காட்பரியின் உடைமை. புகையிலைக்கும் மதுவுக்கும் அதே திட்டத்தில் வரி ஏறி, ஏழையின் பையையும் தொட்டது. இத்திட்டத்தைப் போற்றுவோர் இன்றும் அதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

நவம்பர் 30-இல் பிரபுக்கள் 350-க்கு 75 என்ற வாக்குகளில் திட்டத்தை நிராகரித்தனர். பொதுத்தேர்தல் ஒன்று நடந்தபின், 1910 ஏப்ரலில்தான் அது நிறைவேறியது. அத்துணைக் கூக்குரலுக்குக் காரணமான நிலமதிப்பு வரிகள் அரசுக்குச் சொற்பமே ஈட்டித் தந்து, 1920-இல் நீக்கப்பட்டன. அப்போது பிரதமராயிருந்தவர் அதே லாயிட் ஜார்ஜ்தான்.