மாரிகுப்பத்து மண்ணும் ஒரு லெப்டினன்ட்டின் அறிக்கையும்

தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் எவரும் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வுபெற்றுப் பெங்களூரில் குடியேறியிருந்த மைக்கேல் லாவெல் என்ற ஐரியப் படைவீரர், 1804ஆம் ஆண்டின் ‘ஆசியாடிக் ஜர்னல்’ இதழில் வெளியான நான்கு பக்கக் குறிப்பொன்றை 1871இல் படித்தார்; உடனே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் புறப்பட்டார் என்பது அச்செய்தி. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலிலும் அதை எழுதியிருந்தேன். வரைவைத் திருத்திய நெறியாளர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வியை மட்டும் எழுதித் திருப்பித் தந்தார்: “அந்தப் பக்கத்தைக் கண்ணால் கண்டீரா?”

காணவில்லை. நான் எடுத்தாண்ட நூலின் ஆசிரியரும் கண்டதற்கான அடையாளம் இல்லை. தேடத் தொடங்கிய பிறகு முதலில் தெரியவந்தது, லண்டனிலிருந்து வெளிவந்த ஆசியாடிக் ஜர்னல் 1816இல்தான் தொடங்கப்பட்டது என்பது. பிறவாத இதழில் கட்டுரை வந்திருக்க வழியில்லை. குறிப்பிடப்படும் அந்த அறிக்கை வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில், அதன் மூன்றாம் தொகுதியில், 1834இல் அச்சேறியது. எழுதியவர் ஜான் வாரன். எழுதப்பட்ட பொருள், 1802 பிப்ரவரியில் அவர் கண்டறிந்தவை. ஒருவர் எழுதிய ஆண்டை அடுத்தவர் பெயர்த்தெழுத, பத்துப் பேர் எழுதியதாலேயே அது வரலாறாகிவிட்டது. பத்துச் சான்றுகள் என்று நான் நம்பியிருந்தவை உண்மையில் ஒரே சான்றின் பத்துப் படிகள். 1804ஐ நீக்கிவிட்டு, இதழை விட்டு அறிக்கைக்குள் நுழைந்தேன்.

திப்பு சுல்தான் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின், உடையார் அரசுக்கு மீட்டளிக்கப்பட்ட மைசூரின் எல்லைகளை அளக்கும் பணி தொடங்கியது. கிழக்கு எல்லையை அளக்க வந்தவர் 33ஆம் காலாட்படைப் பிரிவின் லெப்டினன்ட் வாரன். ஐரிய மூதாதையரைக் கொண்ட பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலேயப் படையில் பணியாற்றியவர். எல்லைக் கல் நடுவதே அவருடைய வேலை, பொன்னைத் தேடுவதன்று. ஆனால் எர்ரகொண்டா மலையைச் சுற்றிய ஊர்களில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது.

ஊர்ப்பேச்சைக் கேட்டதும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிய அதிகாரிகள் அக்காலத்தில் ஏராளம். அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள் அதைவிட ஏராளம். வாரன் இரண்டையும் செய்யவில்லை. பொன் கிடைப்பதைக் காட்டுவோருக்குச் சன்மானம் தருவதாக அறிவித்தார். உரிகம் முதலிய ஊர்களிலிருந்து மக்கள் மண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தனர். அந்த மண்ணைத் தம் கண்முன்னே அரித்துக் காட்டச் செய்தார். அடியில் தங்கிய துகள்கள் பொன்னே என்று கண்டார். அதனுடனும் நிற்கவில்லை. எத்தனை மண்ணுக்கு எத்தனை பொன் என்று கணக்கிட்டார். பொன் கிடைக்கும் பரப்பு எதுவரை நீள்கிறது என்று சுற்றிப் பார்த்தார். ஏறத்தாழ 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெய்ன் என்று இன்று பலரும் எழுதுகிறார்கள். ஒரு கிரெய்ன் என்பது குன்றிமணியின் எடையில் ஏறத்தாழப் பாதி. (1802இல் ஆங்கிலேயப் படை அதிகாரி எவரும் கிலோவில் எடை போட்டிருக்க மாட்டார். அந்த 56 பிற்காலத்தார் ஒருவர் பவுண்டிலிருந்து மாற்றியது. மேற்கோளில் புதிய அளவை வந்துவிட்டால் இடையில் யாரோ கை வைத்திருக்கிறார் என்று பொருள்.)

மண்ணிலன்றிக் கல்லிலிருந்தும் பொன் எடுக்கிறார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டு மாரிகுப்பம் சென்றார். அங்கே சிறிய சுரங்கக் குழிகள் இருந்தன. உள்ளே இருந்தவர்கள் கற்களைக் கூடைகளில் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினர். பெண்கள் அவற்றைப் பாறைமீது வைத்து இடித்துப் பொடியாக்கினர். அந்தப் பொடி நீரில் அரிக்கப்பட்டது. ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு காலடி வைத்தது 1880இல். அதற்கு 78 ஆண்டுகள் முன்பே தோண்டுதல், இடித்தல், அரித்தல் என்ற மூன்று படிநிலைகளும் மாரிகுப்பத்தில் வழக்கில் இருந்தன. ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லை வாரனுக்கோ லாவெலுக்கோ நான் இப்போது பயன்படுத்துவதில்லை. எழுதினார் என்பேன்.

வாரனின் இம்முறை ஒருநாள் தோன்றிய உத்தி அன்று என்பதற்கு வேறொரு சான்று உண்டு. பிற்காலத்தில் அவர் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் இருந்தார். பின்னர்ப் புதுச்சேரியில் வாழ்ந்து 1830இல் அங்கேயே இறந்தார். தென்னிந்தியர் காலத்தைக் கணிக்கும் முறைகளைத் தொகுத்து அவர் எழுதிய ‘கால சங்கலித’ என்ற நூல் 1825இல் சென்னையில் அச்சாயிற்று. தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதம் எப்படி இயங்குகிறது என்று அறிய அவர் நூல்களோடு நிறைவடையவில்லை. புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக்காரர் ஒருவரை, 1825இல் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைத் தம் எதிரில் கணிக்கச் செய்தார். அம்மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களாக மனனம் செய்திருந்த எண்களைச் சொல்லிச் சொல்லிக் கணித்துமுடித்தார். பிற்கால ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது பிழை தொடக்க நேரத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 என்று வந்தது. கோட்பாடு அறியாதவர், ஆனால் நினைவாற்றல் மிக்கவர் என்பதற்காகவே வாரன் அவரைத் தேர்ந்தார். சொந்த விளக்கத்தைக் கலக்காமல் முறையை மட்டும் காட்டுவார் என்பது எண்ணம்.

அந்தப் பஞ்சாங்கக்காரரின் பெயர் நமக்குத் தெரியும். வாரன் எழுதிய ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் சாமிநாதன் சேஷய்யா என்பதாக இருக்கலாம். மாரிகுப்பத்துக் குழிக்குள் இருந்தவர்களோ அவர் அறிக்கையில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறார்கள்: ‘பறையர்’.

இந்தச் சொல்லில்தான் என் ஆய்வு பல மாதங்கள் தடுக்கி நின்றது. நான் தங்கவயலில் பிறந்தவன். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இறங்கிய குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. டெய்லர் கம்பெனி அழைத்து வந்த கூலிகளின் வழிவந்தோர் என்றே எங்களைப் பற்றி எல்லா நூல்களும் சொல்கின்றன. 1802இலேயே இங்கு பொன் எடுத்தவர்கள் பறையர் என்று ஓர் ஆங்கிலேய அறிக்கை சொல்லுமானால், வந்தேறிகள் என்ற பேச்சுக்கு அதைவிடச் சிறந்த பதில் வேறென்ன? முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன்; எழுதும்போது மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சியே பிறகு என்னை நிறுத்தியது. அக்கால ஆங்கிலேயர் தென்னாட்டில் தாழ்த்தப்பட்ட பல சமூகத்தாரை அச்சொல் ஒன்றாலேயே குறித்தனர். கன்னடம் பேசும் ஹொலெயரும் தெலுங்கு பேசும் மாலரும் அதற்குள் அடங்கிவிடுவர். கோலார்ச் சீமையோ மூன்று மொழிகளும் கலக்குமிடம். குழியில் இருந்தவர்கள் எந்த மொழியில் பேசினார்கள் என்பதை அச்சொல் சொல்லாது. தாழ்த்தப்பட்ட மக்கள் இம்மண்ணில் ஜான் டெய்லருக்கு முன்பே பொன் எடுத்தனர் என்பது வரை அறிக்கை நம்மை அழைத்துச் செல்கிறது. அவர்கள் தமிழர் என்பது வரை அழைத்துச் செல்லவில்லை. மீதித் தூரத்தை நான் என் விருப்பத்தால் நடந்திருந்தேன்.

இதை நேரில் உணர்த்தியவர் மாரிகுப்பத்தில் வாழும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் ஒருவர். ஒலிப்பதிவுக் கருவியை இயக்கியதும், “எங்க முப்பாட்டன் வாரன் துரை முன்னாடி மண்ணு அரிச்சவரு, தம்பி” என்று தொடங்கினார். எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அவர் சொன்ன தலைமுறைகளைக் கூட்டினால் 1870க்கு முன் போகவில்லை. மெல்லக் கேட்டபோது, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா மேடையில் கேட்டதாகச் சொன்னார். அங்கே பேசியவர் நான் படித்த அதே நூலைப் படித்திருந்தார். அச்சிலிருந்து வாய்க்குப் போன செய்தி, வாய்மொழிச் சான்று என்ற பெயரில் மீண்டும் அச்சுக்குத் திரும்பவிருந்தது. பெரியவர் பொய் சொல்லவில்லை. வந்தவன் எதைத் தேடுகிறான் என்று தெரிந்தபின் அதைக் கொடுத்து அனுப்புவது நம் ஊர் மரியாதை. வாரன் அறிவித்த சன்மானத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் அவருக்கு அரித்துப் பார்க்க மண் இருந்தது.

அன்று முப்பாட்டனை விட்டுவிட்டு அவர் தந்தையாரைப் பற்றிக் கேட்டேன். பேச்சின் தன்மையே மாறிவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அத்தனை ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை இங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்போம். வெடிப்பதற்கு முன் முட்டுக் கொடுத்த மரங்கள் எப்படி முனகும், தந்தை அந்த ஓசையை வீட்டில் நாக்கால் எப்படிச் செய்து காட்டுவார் என்று அவரே செய்து காட்டினார். 1930இல் எல்லாத் தொழிலாளரின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது எழுந்த வேலைநிறுத்தத்தைப் பாட்டி சொல்லக் கேட்டிருந்தார். “திருடனுக்குத்தானே ரேகை எடுப்பாங்க” என்று பாட்டி சொன்னதாகச் சொன்னார். இந்த வாக்கியம் எந்த மேடையிலிருந்தும் வந்ததன்று என்று நம்புகிறேன். ஆயினும் பழைய நாளேடுகளுடனும் அரசு ஆவணங்களுடனும் ஒப்பிட்டுவிட்டே சேர்ப்பேன்.

விடைபெறும்போது, வாரனின் அறிக்கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

“அப்போ அதுல நம்மாளு பேரு ஒண்ணுகூட இல்லையா?”

“இல்லைங்க ஐயா. சாதிப் பேரு மட்டும்தான் இருக்கு.”

சற்று நேரம் சயனைடு மேட்டைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, “எழுதிக்க” என்றார். தந்தையின் பெயர், வேலை செய்த சுரங்கம், அவருக்குக் கம்பெனி கொடுத்திருந்த எண், வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, பாறை விழுந்து கால் போன ஆண்டு. ஐந்தையும் எழுதிக்கொண்டேன். கடைசி ஆண்டில் மட்டும் அவருக்கு ஐயம் இருந்தது; அதனருகில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறேன்.