நடுவர் மீது முறையீடு

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வாழ்வோருக்கு வழக்கறிஞரின் கறுப்பு அங்கி புதிய காட்சியன்று. அருகே அஸ்தம்பட்டியில் நீதிமன்ற வளாகம் இருப்பதால், வழக்குக் கட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரைவோரை நாள்தோறும் காண்கிறோம். சில வாரங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நிலத் தகராறு ஒன்றில் பல்லாண்டுகள் அலைந்து களைத்த பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். "ஐயா, தாசில்தார் தப்புச் செய்தால் கலெக்டருக்கு மனுப் போடலாம். ஏட்டு தப்புச் செய்தால் எஸ்.பி.யைப் பார்க்கலாம். ஜட்ஜ் தப்புச் செய்தால் யாரைப் பார்ப்பது?" என்றார். மேல்முறையீடு இருக்கிறதே என்றேன். "அது தீர்ப்புக்குத்தானே? நான் ஜட்ஜைப் பற்றி அல்லவா கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுமொழிக்குக் காத்திராமல் நடந்துவிட்டார்.

அவர் காட்டிய வேறுபாடு நுண்ணியது. தீர்ப்பில் நேரும் பிழை வேறு. தீர்ப்பிடுபவரின் நடத்தையில் நேரும் பிழை வேறு. முன்னதற்குப் பரிகாரம் உண்டென்பதற்கு நம் சேலமே சான்று. 1882-இல் இந்நகரில் மூண்ட கலவரத்தை ஒட்டி, நகராட்சி உறுப்பினராயிருந்த சி. விஜயராகவாச்சாரியார் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி அவரை விடுவித்தது. பிற்காலத்தில், 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் பேரவைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. ஒரு நீதிமன்றத்தின் பிழையை மற்றொரு நீதிமன்றம் திருத்தியது. ஆனால் பிழைத்தவர் அறியாமையால் பிழைத்தாரா, வேறு காரணத்தாலா என்னும் கேள்வியை மேல்முறையீடு எழுப்புவதில்லை. எழுப்ப வேண்டிய இடமும் அதுவன்று.

அந்தக் கேள்வியின் தொன்மையைத் திருவிவிலியம் அறியும். தானியேல் நூலில் சூசன்னா மீது பொய்ப்பழி சுமத்திய முதியோர் இருவரும் அவ்வாண்டின் நடுவர்கள் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். எனினும் இங்கு நமக்கு நெருக்கமான நிகழ்ச்சி சாமுவேல் முதல் நூலில் உள்ளது. முதுமையடைந்த சாமுவேல் தம் மைந்தர் யோவேலையும் அபியாவையும் நீதித் தலைவராக்கினார். அவர்கள் பெயேர்செபாவில் கையூட்டு வாங்கி நீதியைப் புரட்டினார்கள். மக்களின் மூப்பர் திரண்டு வந்து முறையிட்டார்கள். முறையீடு நியாயமானது. ஆனால் சாமுவேல் தம் மைந்தரை அழைத்து உசாவியதாக அங்கே ஒரு சொல் இல்லை. மூப்பர்களும் வேறு நல்ல நடுவரைக் கேட்கவில்லை. எங்களுக்கு ஓர் அரசனைத் தாரும் என்றார்கள். நடுவர் மீதான குறை உள்ளிருந்தே தீர்க்கப்படாதபோது மக்கள் அரசனின் வாசலுக்குப் போகிறார்கள். அரசன் வந்தபின் நடுவருக்கும் விடுதலை இல்லை, மக்களுக்கும் இல்லை.

அரசனின் கை நீதிமன்றத்துள் நீள்வது எத்தகையது என்பதை 1973 ஏப்ரலில் நாடு கண்டது. மூத்த நீதிபதிகளான ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரைத் தாண்டி ஏ.என். ரே உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினார்கள். நாடாளுமன்றத்தில் அச்செயலை முன்னின்று ஆதரித்துப் பேசியவர் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். சட்டமும் கல்வியும் தேர்ந்த அம்மனிதர், நீதிபதியின் சமூகப் பார்வையை அரசு கருத்தில் கொள்ளலாம் என்று வாதிட்டார். நம் சமவெளியின் மைந்தர் என்பதற்காக அவ்வாதத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. நீதிபதியை உயர்த்தும் அதிகாரம் அரசிடம் இருப்பதே இவ்வளவு இடர் என்றால், அவர்மீது வரும் புகாரை விசாரித்து விலக்கும் அதிகாரமும் அரசிடம் இருந்தால் என்னவாகும்?

அரசியல் சட்டத்தை வகுத்தோர் இதை எண்ணாதவர்களல்லர். ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்தின்படி 1949-இல் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி எஸ்.பி. சின்கா, கூட்டாட்சி நீதிமன்றத்தின் விசாரணைக்குப் பின் பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். புதிய அரசியல் சட்டம் வாயிலை இன்னும் குறுக்கியது. நிறுவப்பட்ட தீநடத்தை அல்லது இயலாமை என்னும் காரணத்திற்காக, நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையோரும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் வேண்டினாலன்றி உச்சநீதிமன்ற, உயர்நீதிமன்ற நீதிபதி எவரையும் நீக்க இயலாது. 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டம் அதற்கான படிகளை அமைத்தது. மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையொப்பமிட வேண்டும். அவைத் தலைவர் ஏற்றால் மூவர் குழு விசாரிக்கும்.

இந்தச் சட்டத்தின் வரலாற்றைப் புரட்டுகையில் தமிழருக்கு ஒரு நெருடல் தோன்றும். திருப்பம் நேர்ந்த இடங்களில் பெரும்பாலும் சென்னை உயர்நீதிமன்றத்தின் பெயர் வருகிறது. 1969 முதல் அதன் தலைமை நீதிபதியாயிருந்த கே. வீராசாமி, வருவாய்க்கு மிஞ்சிய சொத்துக் குவித்தார் என்று 1976-இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. அவர் பதவியை விட்டு நீங்கினார். நீதிபதி ஊழல் தடுப்புச் சட்டம் சொல்லும் பொது ஊழியரா என்ற கேள்வி ஏறத்தாழ 15 ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி, 1991 ஜூலையில் விடை பெற்றது. பொது ஊழியரே, ஆயினும் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் வழக்குப் பதியலாகாது என்று உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. அரசு நீதிபதியை அச்சுறுத்தாதிருக்க இட்ட வேலி அது. வேலி யாரைக் காக்கிறது என்பது காவலரைப் பொறுத்தது.

வீராசாமியின் மருமகன் வி. ராமசாமியும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்தவர். 1987-இல் பஞ்சாப், அரியானா உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகச் சண்டிகர் சென்று, 1989-இல் உச்சநீதிமன்றத்திற்கு உயர்த்தப்பட்டார். அவர் சண்டிகரை விட்டகன்றபின் அங்கே தணிக்கையாளர்கள் எழுப்பிய வினாக்கள் நாளேடுகளுக்கு வந்தன. அலுவலக இல்லத்திற்கு வாங்கிய மரச்சாமான்கள், கம்பளங்கள், நீதிமன்றத்திற்கென வாங்கிய வெள்ளிக்கோல்கள், சென்னை இல்லத்தின் தொலைபேசிக் கட்டணம் என்று பட்டியல் நீண்டது. மாபெரும் கொள்ளை என்று இவற்றைச் சொல்ல முடியாது. இன்று நாம் கேட்டுப் பழகிய தொகைகளின் முன் இவை சிறு செலவாகவே தோன்றும். ஆனால் பொதுப்பணத்தில் கம்பளம் வாங்கிய எழுத்தர் ஒருவர் தம்முன் நிறுத்தப்பட்டால், அந்த நீதிபதி என்ன தீர்ப்புச் சொல்வார்?

1990 ஜூலையில் தலைமை நீதிபதி சவ்யசாச்சி முகர்ஜி, விசாரணை தெளிவடையும்வரை நீதிப் பணியிலிருந்து விலகியிருக்குமாறு ராமசாமிக்கு அறிவுரை கூறினார். ஆணையிட அவருக்கு அதிகாரமில்லை. அறிவுரையே கூற முடிந்தது. செப்டம்பரில் முகர்ஜி காலமானார். 1991 பிப்ரவரி இறுதியில் மக்களவை உறுப்பினர் 108 பேர் பதவிநீக்கத் தீர்மானத்தைக் கொடுத்தார்கள். அவைத் தலைவர் ரவி ராய் மார்ச் 12-ஆம் நாள் அதை ஏற்று, நீதிபதிகள் பி.பி. சாவந்த், பி.டி. தேசாய், ஓ. சின்னப்ப ரெட்டி ஆகியோர் கொண்ட குழுவை அமைத்தார். மறுநாளே மக்களவை கலைக்கப்பட்டது. அவை மடிந்தால் தீர்மானமும் மடியுமா? மடியாது என்று அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்த்தபின்னரே குழுவின் பணி தொடங்க வழி பிறந்தது. ராமசாமி குழுவின் விசாரணையில் பங்கேற்கவில்லை. சாட்டப்பட்ட 14 குற்றங்களில் 11 நிறுவப்பட்டன என்று 1992-இல் குழு அறிக்கை தந்தது.

1993 மே 10, 11 நாள்களில் தீர்மானம் மக்களவைக்கு வந்தது. சோம்நாத் சட்டர்ஜி முன்மொழிந்தார். நீதிபதிக்காக வழக்கறிஞர் கபில் சிபல் அவையின் முன் நின்று மணிக்கணக்கில் வாதாடினார். வாக்கெடுப்பில் ஆதரித்தோர் 196 பேர், எதிர்த்தோர் ஒருவருமில்லை. ஆளுங்கட்சியான காங்கிரசையும் அதன் துணைக்கட்சிகளையும் சார்ந்த 205 பேர் அவையில் அமர்ந்தபடியே வாக்களிக்காதிருந்தார்கள். மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை கிட்டாததால் தீர்மானம் வீழ்ந்தது. அவர் குற்றமற்றவர் என்று சொல்ல ஒருவரும் எழவில்லை. குற்றவாளி என்று சொல்வோர் எண்ணிக்கை போதவில்லை. பிலாத்து கைகழுவியதாவது எல்லோரும் காண நிகழ்ந்தது. இங்கோ தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. தென்னாட்டவர் என்பதால் பழிவாங்கப்படுகிறார் என்ற பேச்சும் அந்நாளில் எழுந்தது. தமிழனுக்காகத் தமிழன் பரிந்து பேசவேண்டிய இடங்கள் பல உண்டு. தணிக்கை அறிக்கை அவற்றுள் ஒன்றன்று.

1994 பிப்ரவரியில் ராமசாமி வயது நிறைந்து ஓய்வு பெற்றார். 1999-இல் சிவகாசித் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளராக நின்று தோற்றார்.

அந்தத் தோல்வியிலிருந்து நீதித்துறை தனக்கென ஒரு வழியைத் தேடிக்கொண்டது. 1997 மே மாதம் உச்சநீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் கூடி, தமக்குரிய நெறிகளைத் தாமே எழுத்தில் வடித்தார்கள். 1999-இல் உள்ளக விசாரணை முறை ஏற்கப்பட்டது. அதன்படி, உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர்மீது வரும் புகாரை முதலில் அவ்வுயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பார்க்கிறார். அற்பமானதென்றாலோ, தீர்ப்பின் தகுதியைக் குறித்ததென்றாலோ அங்கேயே கோப்பு மூடப்படும். கனமுள்ளதெனத் தோன்றினால் உரிய நீதிபதியின் விளக்கம் கேட்கப்பட்டு, யாவும் இந்தியத் தலைமை நீதிபதிக்கு அனுப்பப்படும். அவர் தேவையெனக் கண்டால், வேறு உயர்நீதிமன்றங்களின் தலைமை நீதிபதிகள் இருவரும் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரும் கொண்ட குழுவை அமைப்பார். குற்றம் பெரிதென்று குழு கண்டால், பதவி விலகுமாறு அறிவுரை; மறுத்தால், நீதிப்பணி ஒதுக்காமை; அதன்பின் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் அறிவிப்பு. அறிக்கை மறைவானது. அதை வெளியிடக் கோர முடியாதென்று 2003-இல் உச்சநீதிமன்றமே தீர்த்துவிட்டது.

இம்முறையை இகழ்வது எளிது. நான் இகழமாட்டேன். தோற்ற வழக்காளி ஒவ்வொருவனும் நீதிபதி விலைபோனார் என்று எழுதிப்போடும் நாட்டில், பொய்ப்புகாரால் ஒரு நேர்மையாளரின் பெயர் தெருவுக்கு வராதிருக்க மறைவு வேண்டும். ஆனால் மறைவுக்கும் மூடிவைப்புக்கும் இடையிலுள்ள சுவர் மெல்லியது. இதை நாம் சொல்லும்போது சற்றுத் தாழ்ந்த குரலில்தான் சொல்ல வேண்டும். தன் பணியாளர் மீதான முறையீடுகளை மறைத்ததால் நம் திருஅவை பட்ட அவமானத்தை உலகறியும். ஆயர் ஒருவர்மீது புகார் வந்தால் அம்மாநிலத்தின் பேராயர் விசாரிக்க வழி வகுத்த மடலைத் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்டது 2019-இல்தான்.

உள்ளக முறையால் தீராத வழக்குகளும் வந்தன. கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென்னை நீக்கும் தீர்மானம் 2011 ஆகஸ்டில் மாநிலங்களவையில் 189-க்கு 16 என நிறைவேறியது. மக்களவை கூடிப் பேசுமுன் அவர் விலகிக்கொண்டார். திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் பொது நிலத்தை வளைத்ததாகப் புகாருக்குள்ளான பி.டி. தினகரன், சென்னையிலும் கர்நாடகத்திலும் பணியாற்றியவர். மூவர் குழுவின் விசாரணை முடியுமுன்னரே அவ்வாண்டு ஜூலையில் விலகினார். விலகியதும் விசாரணை நின்றது. அவர்மீது சொல்லப்பட்டது மெய்யா பொய்யா என்பது அவருக்கும் தீர்க்கப்படவில்லை, அவ்வூர் மக்களுக்கும் தீர்க்கப்படவில்லை. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட சி.எஸ். கர்ணனோ, சக நீதிபதிகள்மீது தாமே புகார் கூறியவர். 2017 மே மாதம் நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பதவியிலிருக்கும் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் அவ்வாறு தண்டிக்கப்பட்டது அதுவே முதன்முறை.

புகார்களை விசாரிக்கத் தேசிய அளவில் நிலையான கண்காணிப்புக் குழு ஒன்றை அமைக்கும் மசோதா 2012 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதை நிறைவேற்றவில்லை. 2014-இல் மக்களவையோடு அதுவும் காலாவதியானது. 2025 மார்ச்சில் தில்லி நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் இல்லத்தில் தீப்பற்றியபோது எரிந்த பணக்கட்டுகள் காணப்பட்டதாகச் செய்தி வந்தது. அப்போதும் 1999-இன் உள்ளகக் குழுவும், அதன்பின் 1968-இன் சட்டப்படி அவ்வாண்டு ஆகஸ்டில் அமைந்த மூவர் குழுவுமே கைக்குக் கிட்டிய கருவிகளாயிருந்தன. அம்மூவரில் ஒருவர் அப்போது சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்தவர்.

பெரியவரை மறு ஞாயிறு கண்டேன். அவர் கேட்ட நீதிபதி மாவட்ட நீதிமன்றத்தவர். ஆதலால் மேற்சொன்ன பெருங்கதை எதுவும் அவருக்கு வேண்டியதில்லை. கீழ்நீதிமன்றங்கள்மீது கட்டுப்பாட்டு அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 235-ஆம் உறுப்பு உயர்நீதிமன்றத்திற்குக் கொடுத்திருக்கிறது. புகாரைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமைப் பதிவாளருக்கு அனுப்பலாம், பெயரின்றி எழுதலாகாது, உறுதிமொழிப் பத்திரமும் சரிபார்க்கத்தக்க சான்றும் இணைத்தல் வேண்டும், தீர்ப்புப் பிடிக்கவில்லை என்பது புகாராகாது. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணருகே பிடித்துப் படித்தார்.

"அனுப்பினால் என்ன ஆயிற்று என்று எழுதுவார்களா?" என்றார்.

எழுதியே தீரவேண்டும் என்ற விதியை நான் அறியேன் என்றேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாய்தா எப்போது என்று நான் கேட்டேன். மாதக் கடைசியில் என்றார்.