24 நாடும் 12 கோத்திரமும்: கொங்கின் காணிமரபு பற்றி ஒரு மறுபரிசீலனை

கொங்கு மண்டலத்தின் 24 நாடுகளை வெறும் வருவாய்ப் பிரிவுகளாகவே கொள்வதும், அந்நாடுகளின் பட்டியல் கல்வெட்டுகளோடு ஒத்துவராத இடங்களில் அதனைப் பிற்காலப் புலவர்களின் கற்பனை என்று ஒதுக்கிவிடுவதும் நம் ஆராய்ச்சி உலகில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே நிலைத்துவிட்டன. முன்னதற்குச் சான்று போதாது. பின்னதோ, பட்டியலிடம் கேட்கத் தகாத கேள்வியைக் கேட்டதன் விளைவு. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூந்துறை நாடு, தென்கரை நாடு, காங்கேய நாடு எனத் தொடரும் அப்பட்டியலை 12, 13ஆம் நூற்றாண்டுகளின் கொங்குச் சோழர் சாசனங்களோடு ஒப்பிடுவோர் கண்ணில் முதலிற்படுவது பொருத்தமின்மையே. பேரூர்ச் சாசனங்கள் அவ்வூரைப் பேரூர் நாட்டில் வைக்கின்றன. அவிநாசிச் சாசனங்கள் அவிநாசியை வடபரிசார நாட்டில் வைக்கின்றன. இவ்விரு நாடுகளும் 24இல் இடம்பெறவில்லை. அவற்றின் ஊர்கள் பட்டியல் மரபில் ஆறை நாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. பூந்துறை, காங்கேயம், குறுப்பு முதலிய நாடுகளோ கல்லிலும் உண்டு, பட்டியலிலும் உண்டு. வரி தண்டுவதற்காக எழுதப்பட்ட பதிவாயின் அரசு மாறுந்தோறும் அது மாறியிருக்க வேண்டும். கொங்குச் சோழருக்குப் பின் பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூரார் என ஆட்சிகள் கைமாறி, 1799இல் கோயம்புத்தூர்ச் சீமை கும்பினியார் வசமான பின்னரும், அந்த எண்ணிக்கை மட்டும் நாட்டார் நினைவில் அசையாது நின்றது. உள்ளடக்கம் நெகிழ, எண் நிலைத்திருக்கும் பட்டியலைக் கணக்கனின் ஏடாகக் கொள்வதற்கில்லை.

இத்தகைய பட்டியல் உலகில் இது ஒன்றே அன்று. பண்டைய இஸ்ரவேலின் நிலப் பங்கீட்டை விவரிக்கும் யோசுவா ஆகமத்திலும் இதே நெகிழ்ச்சியும் இதே உறுதியும் ஒருங்கே காணப்படுகின்றன. லேவி கோத்திரத்துக்கு நிலப் பங்கு இல்லை. ஆயினும் யோசேப்பின் வழியினர் எப்பிராயீம், மனாசே என இரு கோத்திரங்களாக எண்ணப்பட, 12 என்ற தொகை குறையாது நிற்கிறது. சிமியோனின் பங்கு யூதாவின் பங்குக்குள்ளேயே அமைகிறது. நிலமிழந்து பாபிலோனில் சிறையிருந்த காலத்திலும் எசேக்கியேல் தீர்க்கதரிசி தம் ஆகமத்தின் இறுதி அத்தியாயத்தில் தேசத்தை மீண்டும் 12 பங்காக்குகிறார். கையில் ஒரு காணி நிலமும் இல்லாத மக்கள் இவ்வாறு பங்கிடுவது எதற்காக? தேசம் கர்த்தருடையது, குலங்கள் அதில் குடியிருப்போர் மட்டுமே என்னும் லேவியராகமத்தின் சித்தாந்தம் ஒன்றே அதற்கு விடை. பங்கு என்பது உடைமைக்கு முன்னதாகத் தெய்வத்தோடு கொண்ட உறவு.

கொங்கிலும் அவ்வாறே என்பதற்குச் சாசனங்களின் நடையே சான்று. கோயிலுக்கு விளக்கோ பொன்னோ அளித்த வேளாளர் பலர் தம்மை இன்ன நாட்டு, இன்ன ஊரில், வெள்ளாளன் இன்ன குலத்தாரில் இன்னான் என்று கல்லில் அறிவித்துக்கொள்கின்றனர். இதனை வெறும் முகவரி என்று வாசிப்பது வழக்கம். இறைவன் சந்நிதியில் ஒருவன் தன் நிலத்தின் அளவையோ விளைவையோ கூறாது நாடு, ஊர், குலம் என்ற வரிசையில் தன் இடத்தைக் கூறுவதை நான் வேறு விதமாகவே வாசிக்கிறேன்: தான் எந்தப் பங்கினன் என்பதையே அவன் தெய்வத்துக்குத் தெரிவிக்கிறான். சிவப்பிராமணர் தம் பூசை உரிமையையே காணியாக, அதாவது பரம்பரை உரிமைப் பங்காக, கொண்டிருந்தமையும் இவ்வாசிப்புக்கு அரண் செய்கிறது. இஸ்ரவேலில் நிலமின்றித் தெய்வத்தையே பங்காகப் பெற்றவர் லேவியர். கொங்கிலோ தெய்வப் பணியும் பங்கீட்டுக்குள் அடங்கிற்று.

காணி விலைக்கு விற்கப்பட்டதே என்பர். விற்கப்பட்டது உண்மை, இஸ்ரவேலிலும் விற்பனை இருந்தமையாலன்றோ ஐம்பதாம் ஆண்டில் நிலத்தை மீட்டளிக்கும் யூபிலி விதி வேண்டியிருந்தது! கொங்கில் அத்தகைய விதி இல்லை. ஆயினும், பூந்துறை நாட்டு வெள்ளோட்டைக் காணியாகக் கொண்ட சாத்தந்தை குலத்தார், பிற நாடுகளில் குடியேறி, அங்கு ஒரு செய் நிலமும் உடையவராக இல்லாதபோதும், பிள்ளைக்கு முடியிறக்கவும் காது குத்தவும் அவ்வூர்க் கோயிலை நாடுவது, விலைபோகாத ஒன்று காணியில் எஞ்சுவதைக் காட்டும். இன்றைய வழக்கு 13ஆம் நூற்றாண்டுக்கு நேர்ச்சான்றாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்லும் வழக்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதற்கு மேல் நான் வாதிக்கவில்லை. இரு தேசங்களுக்கும் தொடர்பு ஏது என்னும் வினாவுக்கு நின்று விடை கூற வேண்டுவதில்லை; ஒப்புமை காட்டுவோர் கடன் வாங்கியதாகக் கூறுவோர் அல்லர்.

ஒரு குறையை மட்டும் மறைத்தல் தகாது. விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் விதிக்கப்பட்ட கிபியோனியருக்கு யோசுவாவின் பங்கீட்டில் இடமில்லை. கொங்கின் வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த பண்ணையாட்களுக்கும் 24 நாட்டுக் காணியில் பங்கில்லை. தெய்வத்தின் பெயரால் அமைந்த பங்கீடு என்று கூறுவது அதனை நியாயமாக்கிவிடாது. மாறாக, அதன் அநீதியின் பொறுப்பை மேலும் கனமாக்குகிறது.

ஆதலின் 24 நாட்டுப் பட்டியலைப் பேரூர், அவிநாசிக் கற்களுக்கு முன் நிறுத்திப் பொய்ச்சாட்சி என்று தீர்ப்பளிப்பதை நாம் கைவிடல் வேண்டும். நிர்வாக எல்லைகளைக் கற்களிடம் கேட்போம். யார் எந்தத் தெய்வத்தின் பங்கில் நின்றார் என்பதைப் பட்டியலிடமும் காணிக் கோயில்களிடமும் கேட்போம். இரண்டையும் இணைத்து எழுதும்போதே கொங்கின் நிலவரலாறு முழுமை பெறும்.