சிறார் இழப்புத்துயர்

சிறார் இழப்புத்துயர் என்பது பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, நண்பர் போன்ற நெருங்கிய ஒருவரை இறப்பினால் இழந்த குழந்தையிடம் ஏற்படும் மன, உடல், நடத்தை மாற்றங்களைக் குறிக்கும். இது நோய் அன்று. குழந்தைகளின் துயரம் தொடர்ச்சியாக வெளிப்படுவதில்லை. சற்றுமுன் அழுத குழந்தை அடுத்த நிமிடம் விளையாடச் செல்லும். இதனைக் கண்டு "பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை" என வீட்டார் கருதுவதுண்டு. பெரும்பாலும் இது தவறான கணிப்பாகும்.

இறப்பு பற்றிய புரிதல்

அங்கேரிய உளவியலாளர் மரியா நாகி 1948இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று. ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பை உறக்கம் அல்லது பயணம் போலக் கருதுகின்றனர் என்று அவர் கண்டார். இறப்பு மீள இயலாதது, எல்லோருக்கும் வருவது என்பதைப் பெரும்பாலான குழந்தைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் அறிகின்றனர் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

எனவே "ஊருக்குப் போயிருக்கிறார்", "தூங்குகிறார்", "சாமியிடம் போய்விட்டார்" ஆகிய மங்கல வழக்குகள் இளங்குழந்தையைக் குழப்புகின்றன. தூங்கியவர் எழவில்லை என்றால் தானும் உறங்க அஞ்சும். ஊருக்குப் போனவரை வாசலில் காத்திருக்கும். "இறந்துவிட்டார், உடல் இயங்குவது நின்றுவிட்டது, இனி வரமாட்டார்" என்று எளிமையாகக் கூறுவதே பரிந்துரைக்கப்படுகிறது. தன் பிடிவாதம் அல்லது கோபமே இறப்புக்குக் காரணம் என்று குழந்தை எண்ணக்கூடும். ஆகையால் "இது உன்னால் நேர்ந்ததன்று" என்பதை அது கேளாமலேயே சொல்ல வேண்டும்.

தமிழர் சடங்குகளில் குழந்தை

துக்கம் விசாரித்தல், ஒப்பாரி, பதினாறாம் நாள் கருமாதி ஆகியவை குடும்பத்தைத் தனிமையில் விடாத ஏற்பாடுகள். எனினும் இவற்றில் குழந்தையிடம் விளக்கிச் சொல்பவர் அரிது. தந்தை இறந்தால் சிறுவனுக்கு மொட்டையடித்துக் கொள்ளி வைக்கச் செய்கின்றனர். தாயின் தாலி அகற்றப்படுவதையும் வளையல் உடைக்கப்படுவதையும் குழந்தைகள் காண நேர்கிறது. பின்னது தாய்க்கே கொடுமையான வழக்கம். நடக்கவிருப்பதை முன்கூட்டிச் சொல்வதும், தாய்மாமனோ சித்தியோ ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்தபடி இருப்பதும், விருப்பமில்லையெனில் விலகியிருக்க விடுவதும் அச்சத்தைக் குறைக்கும்.

பதினாறாம் நாளுக்குப் பின் உறவினர் வரவு குறைகிறது. துயரம் அவ்வாறு முடிவதில்லை. அமெரிக்காவின் பாசுடன் பகுதியில் பெற்றோரை இழந்த குழந்தைகளை வில்லியம் வோர்டன், பிலிசு சில்வர்மன் ஆகியோர் ஆராய்ந்தபோது, சிலரிடம் பாதிப்புகள் இரண்டாம் ஆண்டிலேயே தெளிவாகத் தெரிந்தன.

எதிர்பாரா இறப்புகள்

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 திசம்பர் 30 அன்று, பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த அவன் 2022 சனவரி 3 அன்று இறந்தான். தமிழக அரசு குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

இத்தகைய இறப்பில் துயரத்துடன் அச்சமும் சேர்கிறது. வீடு பாதுகாப்பானது என்ற நம்பிக்கை குலைகிறது. உடன்பிறந்தோர் மட்டுமன்றி வகுப்புத் தோழர்களும் பாதிக்கப்படுவர். இறந்த மாணவனின் பெயரைத் தவிர்க்காமல் பேசுவதும், காலியான இடத்தை ஓசையின்றி நிரப்பாதிருப்பதும், வழக்கமான பாட வேளைகளைத் தொடர்வதும் ஆசிரியர் செய்யக்கூடியவை.

2004 சூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தனர். அதே ஆண்டு திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெங்களூரு தேசிய மனநல நிறுவனம் (நிம்கான்சு) அங்கு உள்ளூர்த் தொண்டர்களுக்கு உளச்சமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது. மருத்துவர் எண்ணிக்கை போதாத இடத்தில் இம்முறை நடைமுறைக்கு ஏற்றதாகும்.

உதவி நாடல்

பல மாதங்களாகப் பள்ளி செல்ல மறுத்தல், உணவு உறக்கம் கெடுதல், தானும் இறக்க வேண்டும் எனக் கூறுதல் ஆகியவை காணப்பட்டால் மனநல மருத்துவரை அணுக வேண்டும். கடைசியாகக் கூறப்பட்டதற்கு மாதக்கணக்கில் காத்திருத்தல் கூடாது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானசு சேவையை 14416 என்ற எண்ணிலும், சிறார் உதவி மையத்தை 1098 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெற்றோர் இருவரையும் இழந்த சிறாருக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கும் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது.