அரை நொடித் தாமதம்

சில வருடங்களுக்கு முன், முகம் தெரியாத ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். "மூன்று மாதமாகப் பதில் இல்லை. இதை யாராவது பராமரிக்கிறீர்களா, இல்லை அப்படியே கைவிட்டுவிட்டீர்களா?" தேதிகளை வடிவமைக்கும் சின்னத் துணைநிரல் அது. ஓசியில் கிடைத்தது. புதிய பதிப்புக்கு மாறியதும் எங்கள் வேலையில் மக்கர் செய்தது. மேலாளர் என்னை நெருக்கினார், நான் அந்த மனிதரை நெருக்கினேன். அவருக்கு நாங்கள் ஒரு பைசா கொடுத்ததில்லை. பதில் வராததால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினோம். அதுவும் ஓசிதான்.

2024ல் ஒரு செய்தியைப் படித்தபோது அந்த மின்னஞ்சல் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. வங்கிக் கணக்கில் நுழையும்போது நம் கடவுச்சொல்லை மறையாக்கி அனுப்பும் நிரல்களில் ஓபன்எஸ்எஸ்எல் முக்கியமானது. அதில் இரண்டு வருடமாக ஒரு பிழை இருந்திருக்கிறது. சர்வரின் நினைவகத்தில் இருப்பதை வெளியிலிருந்து எவரும் துண்டு துண்டாக உருவிக்கொள்ளலாம். உலகமே நம்பியிருந்த அந்த நிரலுக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். நன்கொடையாக வந்தது வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். விஷயம் வெடித்த பிறகுதான் கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாம் சேர்ந்து லினக்ஸ் அறக்கட்டளை வழியாக நிதி ஒதுக்கின.

2016 மார்ச்சில் நடந்தது வேறு மாதிரி. அஸெர் கொச்சுலு என்ற நிரலாளருக்கும் கிக் என்ற நிறுவனத்துக்கும் ஒரு பெயரைப் பற்றித் தகராறு. நிரல்களைச் சேமித்து வைக்கும் என்பிஎம் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. கோபத்தில் அவர் தன்னுடைய 273 தொகுப்புகளையும் நீக்கிவிட்டார். அவற்றில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடத்தை நிரப்பும் 11 வரி நிரல். அதைத் தெரிந்தே சேர்த்தவர்கள் சிலர். அவர்களுடைய நிரலைச் சேர்த்தவர்கள் பல்லாயிரம் பேர். உலகெங்கும் மென்பொருள் உருவாக்கம் தடுமாறியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் என்பிஎம் அந்த 11 வரியைத் திரும்ப வைத்தது. பிறகு, வெளியிட்டதை இஷ்டத்துக்கு நீக்க முடியாதபடி விதியையும் மாற்றியது.

ஓபன்எஸ்எஸ்எல்லில் பார்க்க ஆளில்லை. லெஃப்ட்-பேடில் ஆள் இருந்தார், கோபித்துக்கொண்டு போனார். மூன்றாவதாக ஒரு வழி உண்டு: ஆள் இருக்கிறார், ஆனால் களைத்துவிட்டார். 2018ல் 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்ற தொகுப்பை எழுதியவர் அதைத் தானே பயன்படுத்துவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வந்த ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டார். வந்தவர் பிட்காயின் திருடும் நிரலை உள்ளே செருகினார்.

இதே வழியைப் பொறுமையாகப் பயன்படுத்தியதுதான் 2024ன் கதை. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் நிரல். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கோலின் பல வருடமாகத் தனியாளாக, சம்பளமில்லாமல் பார்த்துவந்தார். 2021ல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022ல் வேறு சில பெயர்களிலிருந்து கோலினுக்குக் கடிதங்கள் வந்தன. ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்கலாமே என்கிற தொனி. கோலின் பதில் எழுதினார்: நீண்டநாள் மனநலச் சிக்கலில் இருக்கிறேன், இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை மறக்க வேண்டாம். கடைசியில் ஜியா டானுக்கு வெளியீட்டு உரிமை கிடைத்தது.

2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் ஒரு கள்ளக்கதவு இருந்தது. சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்துவைக்கப்பட்ட அது, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியைத் திறந்துவிடக்கூடியது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், தன் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாவதைக் கவனித்து நோண்டிப் பார்த்தார். மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச்சேரும் முன்பே தடுத்துவிட்டார்கள். ஜியா டான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் கடிதங்களை அனுப்பியவர்களும் அதே கூட்டம்தான் என்று பலரும் சந்தேகிக்கிறார்கள். என்னை உறுத்தியது அதுவல்ல. அவற்றைப் படித்தபோது எதுவும் விசித்திரமாகத் தெரியவில்லை. நான் எழுதியதுபோலவே இருந்தன. நம்மைப் போன்றவர்கள் அன்றாடம் அப்படி எழுதுவதால்தான், அவர்கள் எழுதியதும் இயல்பாகப் பட்டிருக்கிறது.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான், "அண்ணா, நம்ம புராஜெக்ட்ல இந்த மாதிரி எத்தனை இருக்கு?" எண்ணிப் பார்த்தோம். நாங்கள் கேட்டுச் சேர்த்தவை முப்பத்திச் சொச்சம். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தவை எண்ணூறுக்கு மேல். "யாரு இதையெல்லாம் பாத்துக்கறாங்க?" என்றான். எனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட உரிமங்கள் எல்லாவற்றிலும் ஒரு வாசகம் இருக்கும்: இருக்கிறபடியே தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை. எடுத்தவர்கள் நாங்கள். அதைப் படிக்காமல், கடைக்காரரிடம் சண்டை போடுவதுபோல 'கைவிட்டுவிட்டீர்களா' என்று கேட்டவனும் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய தேதித் துணைநிரலின் பக்கத்துக்குப் போனேன். நான் சொன்ன பிழை அப்படியே இருந்தது, என் கேள்வியும் இருந்தது. பிழை எங்கே என்று தேட ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்கு வரி மாற்றினால் போதும். மாற்றி அனுப்பினேன். எப்போது சேர்ப்பீர்கள் என்று கேட்கவில்லை. இன்னும் சேர்க்கப்படவில்லை.