பொருத்தமும் பொருந்தாமையும்: செயலி – தாய்ப்பலகை உறவின் வரலாறு

ஒரு பொறியின் ஆற்றல் அப்பொறிக்குள்ளேயே முழுமையாக அடங்கிக் கிடப்பதன்று. அதனைத் தாங்கும் தளத்தோடு அது கொள்ளும் பொருத்தத்திலேயே அவ்வாற்றல் வெளிப்படுகின்றது. மலைநாட்டின் புகையிரத வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1867இல் கண்டியை அடைந்த இருப்புப்பாதை 5 அடி 6 அங்குல அகலமுடையது. 1885இல் இவ்வகலப் பாதை நானுஓயாவை எட்டியது. ஆனால் அங்கிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்ட பாதையின் அகலம் 2 அடி 6 அங்குலமே. ஒன்றில் ஓடிய வண்டி மற்றொன்றில் ஓட இயலாமையால், பயணிகளும் பண்டங்களும் நானுஓயாவில் வண்டி மாற நேர்ந்தது. 1940இல் அச்சிறு பாதை மூடப்பட்டது.

அகலம் ஒத்திருத்தல் மட்டும் போதுமானதா என்பது அடுத்த வினாவாகும். இரம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே பாதை ஏறத்தாழ 45 அடிக்கு 1 அடி வீதம் உயர்கின்றது. சமவெளியில் இலகுவாக ஓடிய நீராவி எஞ்சினுக்கும் இவ்வேற்றத்தில் மற்றோர் எஞ்சினின் துணை வேண்டியிருந்தது. சில்லு தண்டவாளத்திற் பொருந்துவது கண்ணுக்குப் புலனாகும் பொருத்தம். சரிவு, பாரம், வளைவு ஆகியன கணக்கிட்டு அறியவேண்டிய பொருத்தங்கள். கணினியின் மூளையாகிய செயலிக்கும் அதனை ஏந்தும் தாய்ப்பலகைக்கும் இடையிலான உறவும் இவ்விரு நிலைகளையும் கொண்டதேயாம்.

1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலி 16 கால்களைக் கொண்டது. 1978இல் வெளிவந்த 8086 செயலிக்கு 40 கால்கள். 1981இல் ஐ.பி.எம். தனது தனியாள் கணினியை 8088 செயலியைச் சுற்றி அமைத்தபோது, கணித வேலைக்கான 8087 என்னும் துணைச்செயலிக்கென ஒரு பொருத்துவாயை வெறுமையாக விட்டுவைத்தது. வாங்கிய கணினியைப் பின்னர் மேம்படுத்தலாம் என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றலாயிற்று. பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் 1985இல் கணினி விஞ்ஞானத்துறை தோன்றியது; அதே ஆண்டில் இன்டெல் 386 செயலியை வெளியிட்டது.

பொருத்துவாய் பரவலாகியபோது அதனோடு ஓர் இடரும் தோன்றியது. 1989இல் வந்த 486 செயலிகள் 168 ஊசிகளைக் கொண்டு 5 வோல்ற் மின்னழுத்தத்தில் இயங்கின. 1994இன் 486 டி.எக்ஸ். 4 செயலியோ 3.3 வோல்ற்றுக்கென அமைந்தது. பழைய பலகையின் துளைகளில் அது தடையின்றி அமரும். ஆனால் 5 வோல்ற் பாய்ந்தால் பழுதாகிவிடும். வடிவப் பொருத்தம் மின்பொருத்தத்துக்கு உத்தரவாதமன்று என்பதை இந்நிகழ்வு புலப்படுத்திற்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ‘சொக்கெட் 7’ என்னும் பொருத்துவாய் ஒரு பொதுக்களமாக விளங்கியது. இன்டெல், ஏ.எம்.டி., சிரிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் செயலிகளும் அதில் அமர்ந்தன. 1997இல் இன்டெல் பென்டியம் 2 செயலியை ‘சிலொட் 1’ என்னும் புதிய அமைப்பிற்கு மாற்றியது. போட்டியாளர் அதனைப் பயன்படுத்த இயலவில்லை. 1999இல் ஏ.எம்.டி. தனது ‘சிலொட் ஏ’ அமைப்பைக் கொணர்ந்தது. பொருத்துவாய் ஒருவகையே எனினும் மின்னமைப்பு வேறு. ஆகவே, பொருந்தாமை தொழில்நுட்பத் தேவையால் மட்டும் விளைவதன்று. சந்தைப் போட்டியும் அதற்குக் காரணமாகின்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பின்னர் வந்த ‘சொக்கெட் 370’ இப்பாடத்தை மீண்டும் உணர்த்தியது. அதே 370 துளைகளில் அமரும் மூன்று தலைமுறைச் செயலிகள் வெளிவந்தன. எனினும் முதல் தலைமுறைக்கென அமைந்த பலகைகள் பிந்தியவற்றை ஏற்கவில்லை. 2017இல் வரலாறு திரும்பியது. 2015இல் தோன்றிய எல்.ஜி.ஏ. 1151 பொருத்துவாய் இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகளை ஏற்றது. எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 தொடுமுனைகளே. ஆனால் அதற்கு 300 வரிசைச் சிப்செட் கொண்ட புதிய பலகை வேண்டியிருந்தது.

ஏ.எம்.டி. வேறொரு வழியைக் கைக்கொண்டது. அதன் ஏ.எம். 4 பொருத்துவாய் 2017இன் முதல் ரைசன் செயலிகளையும் 2020இன் ரைசன் 5000 வரிசையையும் ஏற்றது. எனினும் பழைய பலகையின் பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்த பின்னரே புதிய செயலி இயங்கும். சில பலகைகளில் அம்மென்பொருளைத் தாங்கும் 16 மெகாபைற் நினைவகச் சில்லு எல்லாச் செயலிகளின் விவரங்களையும் கொள்ளப் போதாமையால், புதியவற்றுக்கு இடமளிக்கப் பழையவை நீக்கப்பட்டன. 2022இல் வந்த ஏ.எம். 5 டி.டி.ஆர். 5 நினைவகத்தை மட்டுமே ஏற்பதாதலால், செயலியை மாற்றுபவர் பலகையையும் நினைவகத்தையும் சேர்த்தே மாற்றவேண்டியவராகின்றார்.

இவ்வரலாறு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. தோட்டத்து வருமானத்தில் பிள்ளையின் படிப்புக்கெனக் கணினி வாங்கிய குடும்பத்துக்குப் பழைய கணினியை மேம்படுத்துவதே இயலக்கூடிய வழியாகின்றது. 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளுள் பொதுவாக எட்டாம் தலைமுறை முதலானவற்றையே ஏற்கின்றது. ஏழாம் தலைமுறைக் கணினியை உடையவர் எட்டாம் தலைமுறைச் செயலியை மட்டும் வாங்கிப் பொருத்த முனைந்தால், தொடுமுனைகளின் எண்ணிக்கை ஒத்திருந்தும் பணம் வீணாகும்.

ஆதலின் பணத்தைக் கொடுப்பதன் முன்னர் அறியவேண்டியவை சில உள. பலகையில் அச்சிடப்பட்ட மாதிரிப் பெயரைக் குறித்து, அதனைச் செய்த நிறுவனம் வெளியிட்டுள்ள செயலிப் பட்டியலில் விரும்பிய செயலி உண்டா எனப் பார்த்தல் முதற்கடன். அதற்குரிய பயோஸ் பதிப்பைக் கண்டு, பழைய செயலி பலகையில் இருக்கும்போதே புதுப்பித்தல் அடுத்தது. 65 வாற்று வெப்ப அளவுள்ள செயலியின் இடத்தில் 105 வாற்றுச் செயலி வருமாயின் பலகையின் மின்சீராக்கி, குளிர்விக்கும் விசிறி, மின்வழங்கி ஆகியன ஈடுகொடுக்குமா என ஆராய்தல் மூன்றாவது. பழைய பலகையை வாங்குவோர் பொருத்துவாயின் ஊசிகளையும் நோக்கவேண்டும்; 2004 முதல் இன்டெல் தனது மேசைக்கணினிச் செயலிகளின் ஊசிகளைப் பலகைக்கு மாற்றியமையால், வளைந்த ஓர் ஊசியே பலகையைப் பயனற்றதாக்கக்கூடும்.

துளைகளை எண்ணுதல் எளிது. பட்டியலை வாசித்தலுக்குச் சிறிது பொறுமை வேண்டும். நானுஓயாவில் இரு பாதைகளின் வேறுபாட்டைக் கண்ணே காட்டிற்று. செயலியின் பொருந்தாமையைக் கண் காட்டுவதில்லை, எழுத்தே காட்டுகின்றது. அவ்வெழுத்தை முன்கூட்டியே வாசிப்பவர் உழைத்துச் சேர்த்த பணத்தைக் காத்துக்கொள்வார் என்பதே இவ்வரலாறு தரும் பயனாகும்.